மண்ணின் கணக்கு: யுஸ்டஸ் லீபிக்கின் வாழ்க்கை

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்று சொற்களைத் தமிழ்நாட்டு உழவர் அனைவரும் அறிவர். இலை தழைக்க ஒன்று. கதிரில் மணி பிடிக்க ஒன்று. எரித்தபின் சாம்பலில் எஞ்சுவது மற்றொன்று. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்றுக்கும் கண்ணால் கண்ட பயனை வைத்தே பெயரிட்ட இச்சொற்களை அறிவியல் தமிழின் அரிய ஆக்கங்களுள் வைக்கலாம். இத்தகைய எளிய சத்துகளே பயிரின் உணவு என்பதை உலகம் நம்பும்படி எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வேதியியலார் யுஸ்டஸ் லீபிக். முதலில் கண்டவர் என்று எழுதாமல் நம்பும்படி எடுத்துரைத்தவர் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவருடைய பெருமையும் வீழ்ச்சியும் அவருடைய சொல்வன்மையோடு பிணைந்தவை. கவிதை பயில்வோர் நிறைந்த நம் வட்டத்தின் மலருக்கு ஒரு வேதியியலாரின் வரலாற்றை எழுத முன்வந்ததும் அதனால்தான்.

லீபிக் 1803ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தையார் சாயப்பொடி, வார்னிஷ் முதலிய சரக்குகளை விற்பவர்; அவற்றுள் சிலவற்றைத் தாமே காய்ச்சியும் கலந்தும் செய்பவர். அக்கடையின் பின்கட்டே மகனுக்கு முதல் ஆய்வுக்கூடமாயிற்று. பள்ளியில் அவர் பெயர் எடுக்கவில்லை. ஊர்ச் சந்தையில் வெடிபொருள் செய்து காட்டிய வணிகன் ஒருவனைப் பார்த்தே வெள்ளி ஃபல்மினேட் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டார். பின்னர் ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டு, சில மாதங்களில் வீடு திரும்பினார். மாடி அறையில் அவர் நிகழ்த்திய வெடிப்பே காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தந்தையாரால் பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலவில்லை என்பது பின்னாளைய ஆய்வாளர் கருத்து. முன்னது சுவையானது, பின்னதே நம்பத்தக்கது.

அவருடைய பதின்மூன்றாம் வயதில் ஐரோப்பாவில் கோடை வரவில்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வானைச் சூழ்ந்து, மறு ஆண்டு முழுவதும் மழையும் குளிருமாகக் கழிந்தது. தென்மேற்கு ஜெர்மானிய நாடுகளில் தானியம் வயலிலேயே அழுகிற்று. ரொட்டி விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் உயர்ந்தது. இந்தப் பஞ்சமே லீபிக்கை உர ஆராய்ச்சியின்பால் திருப்பியது என்று எழுதுவோர் உளர். இருபத்து நான்கு ஆண்டு இடைவெளி உள்ள இரு நிகழ்ச்சிகளை அவ்வளவு எளிதில் முடிச்சிட்டுவிட முடியாது. ஆயினும் பசி அவருக்கு ஏட்டில் மட்டும் படித்த செய்தி அன்று.

1820இல் பான் பல்கலைக்கழகத்தில் கார்ல் காஸ்ட்னர் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். ஆசிரியர் எர்லாங்கனுக்கு மாறியபோது மாணவரும் உடன் சென்றார். அங்கே 1822ஆம் ஆண்டின் இளவேனிலில் கவிஞர் அவுகுஸ்ட் ஃபான் பிளாட்டனைச் சந்தித்தார். பாரசீகக் கஜல் வடிவத்தை ஜெர்மன் மொழியில் வேரூன்றச் செய்தவர்களுள் பிளாட்டன் முதன்மையானவர். அப்பொழுதுதான் ஹாஃபிஸின் உலகில் மூழ்கியிருந்தார். லீபிக்கைவிட ஏழு வயது மூத்தவர். பத்தொன்பது வயது நிரம்பாத அந்த மாணவரின் தோற்றமும் அறிவும் கவிஞரை ஆட்கொண்டன. சில வாரங்களே நீடித்த நெருக்கம் அது. மாணவர் கலவரம் ஒன்றில் சம்பந்தப்பட்ட லீபிக் எர்லாங்கனை விட்டு வெளியேற நேர்ந்தது. பிளாட்டனோ அந்நட்பைக் கவிதைகளாகவும் நாட்குறிப்புகளாகவும் எழுதிவைத்தார். வேதியியலாரின் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். லீபிக்கின் உரைநடை பின்னாளில் அடைந்த வனப்பை எண்ணும்போது, மொழியையே தவமாகக் கொண்ட ஒருவரோடு அவர் பழகிய அந்நாள்களைச் சிறியவை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹெஸ்ஸ நாட்டுப் பெருங்கோமகனின் உதவித்தொகையோடு பாரிஸ் சென்றார். அங்கே கே-லூசாக்கின் ஆய்வுக்கூடத்தில் அளந்தும் நிறுத்தும் பார்க்கும் ஒழுங்கைக் கற்றார். 1823இல் ஃபல்மினேட்டுகள் பற்றிய அவருடைய கட்டுரை அறிவியற் கழகத்தில் படிக்கப்பட்டபோது, அவையில் இருந்த அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அவரைக் கவனித்தார். ஹம்போல்டின் பரிந்துரையால் 1824இல், இருபத்தொரு வயதில், கீஸென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிட்டியது. அங்கிருந்த ஆசிரியர் எவரையும் கேளாமல் மேலிருந்து திணிக்கப்பட்ட நியமனம் அது. கிடைத்த ஆய்வுக்கூடமோ கைவிடப்பட்ட படைவீட்டின் காவலறை.

அந்தக் காவலறையில்தான் இன்று உலகெங்கும் வழங்கும் வேதியியற் கல்விமுறை உருப்பெற்றது. மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வதோடு நில்லாமல், ஒரே கூரையின்கீழ் நின்று தம் கையால் செய்து கற்றனர். பென்சீனின் வளைய வடிவத்தைப் பின்னாளில் உணர்ந்த கெக்குலே, கட்டடக் கலை பயில வந்து லீபிக்கின் சொற்பொழிவைக் கேட்டு வேதியியலுக்கு மாறியவர். 1831இல் லீபிக் ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட சிறு கருவி ஒன்றை அமைத்தார். குமிழ்களில் பொட்டாஷ் கரைசல் இருக்கும். தாவரப் பொருளையோ விலங்குப் பொருளையோ எரிக்கும்போது எழும் கரியமில வாயுவை அக்கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். கருவியை எரிப்புக்கு முன்னும் பின்னும் நிறுத்தால் பொருளில் கரி எவ்வளவு இருந்தது என்பது தெரிந்துவிடும். முன்னர் பெருந்திறமை கொண்டோர் பல நாள் உழைத்துச் செய்ததை இனிப் பயிற்சி பெற்ற மாணவரும் செய்யலாம் என்றாயிற்று. உயிர்ப்பொருள்களின் அமைப்பை எண்களால் பேசும் காலம் அதனோடு விரைந்தது.

1840இல் வெளிவந்த நூலே லீபிக்கை உழவர் உலகத்துக்குக் கொண்டுசென்றது. கரிம வேதியியலை வேளாண்மைக்கும் உடலியலுக்கும் பொருத்திக் காட்டிய அந்நூலை அவர் ஹம்போல்டுக்குக் காணிக்கையாக்கினார். அக்காலத்தில் ஆல்பிரெக்ட் தேயர் முதலிய வேளாண் அறிஞர்களின் கொள்கையே ஆட்சி செய்தது. மண்ணிலுள்ள கருநிற மக்கைத் தாவரம் வேர் வழியாக உண்கிறது. உயிர் உயிரிலிருந்தே வளர்கிறது. உப்புகளுக்கு இதில் துணைப்பங்கு மட்டுமே என்பது அக்கொள்கை. லீபிக் அதன் அடியிலேயே கைவைத்தார். தாவரம் மட்கியே மக்கு உண்டாகிறது என்றால் முதல் தாவரம் எதனை உண்டது? எருவிடாத காட்டிலிருந்து ஆண்டுதோறும் மரம் வெட்டிச் செல்கிறோம். மக்கே உணவாயின் காட்டு மண்ணில் அது குறைந்துகொண்டே வரவேண்டுமே, ஏன் பெருகுகிறது? ஒரு ஏக்கர் காடும், புல்வெளியும், எருவிட்ட வயலும் ஏறத்தாழ ஒரே அளவு கரியைத் தருவது எப்படி? கணக்கிட்டுப் பார்த்தால் விடை ஒன்றுதான்: கரி காற்றிலிருந்து வருகிறது. ஜெனீவாவின் தெ சொசூர் 1804இலேயே சோதனைகளால் இதனைக் காட்டியிருந்தார். லீபிக் செய்தது சோதனை அன்று, வழக்காடல். நாற்பது ஆண்டு நூலகத்தில் உறங்கிய உண்மையை அவர் தெருவில் நடக்கவிட்டார்.

கரி காற்றிலிருந்தும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீரிலிருந்தும் வருமாயின் மண்ணின் பங்கு என்ன? எரித்தபின் எஞ்சும் சாம்பலே அதற்கு விடை. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் முதலியவை காற்றில் இல்லை. வேர் அவற்றை மண்ணிலிருந்தே பெறவேண்டும். ஒவ்வோர் அறுவடையும் வண்டியேறி நகரத்துக்குச் செல்லும்போது மண்ணின் ஒரு பகுதியும் உடன் செல்கிறது. எடுத்ததைத் திருப்பி வைக்காத நிலம் ஒருநாள் வெறுமையாகும். தொழுவெரு பயன் தருவது அது உயிரிலிருந்து வந்ததாலன்று. இவ்வுப்புகள் அதில் இருப்பதால் என்றார். அவ்வாறாயின் தொழுவத்தில்தான் உரம் பிறக்கவேண்டும் என்பதில்லை, தொழிற்சாலையிலும் பிறக்கலாம் என்பது அடுத்த படி.

இதனோடு சேர்ந்ததே குறைமச் சட்டம் என்று வழங்கும் விதி. தேவையான சத்துகளில் மிகக் குறைவாக எது இருக்கிறதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கும். சாம்பல்சத்து போதாத நிலத்தில் மணிச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் பயன் இல்லை. உயரம் குன்றிய பலகையின் விளிம்போடு நீர் வழிந்துவிடும் பீப்பாய் ஒன்றை இவ்விதிக்குப் படமாகப் பாடநூல்கள் அச்சிடுகின்றன. அந்தப் பீப்பாய் லீபிக்குடையது அன்று, பின்வந்தோர் வரைந்தது. விதியும் முழுவதும் அவருடையது அன்று. கார்ல் ஸ்ப்ரெங்கல் என்னும் வேளாண் வேதியியலார், முதலில் தேயரிடமே பணியாற்றியவர், 1826இலும் 1828இலும் எழுதிய கட்டுரைகளில் தாவரங்களின் தாது உணவையும் இந்த எல்லைக் கருத்தையும் தெளிவாகக் கூறியிருந்தார். லீபிக் அவருக்கு உரிய இடத்தைத் தரவில்லை. ஸ்ப்ரெங்கலின் நடை வறண்டது. லீபிக்கின் நடை ஓடும் நீர். உலகம் எதனைப் பருகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இது நியாயமும் அன்று.

லீபிக்கின் சினமும் புகழ்பெற்றது. கருத்து மாறுபட்டோரைத் தாம் நடத்திய ஆய்விதழில் கடுமையாகச் சாடுவார். சாடிவிட்டு வருந்தவும் செய்வார். வாழ்நாள் முழுதும் அவரைப் பொறுத்துக்கொண்ட நண்பர் ஃபிரெடரிக் வோலர். முதலில் ஒருவர் முடிவை மற்றவர் மறுத்த நிலையிலேயே இருவரும் அறிமுகமாயினர். லீபிக் ஆராய்ந்த ஃபல்மினேட்டும் வோலர் ஆராய்ந்த சயனேட்டும் ஒரே தனிமங்களை ஒரே அளவில் கொண்டிருந்தன. ஆனால் பண்பில் வேறாக நின்றன. இருவரும் சரியே என்று தெளிந்தபோது மாற்றியம் என்னும் கருத்துக்கு வழி திறந்தது, நட்பும் பிறந்தது. 1843இல் ஒரு பூசலின்போது வோலர் அவருக்கு எழுதிய மடலின் சாரம் இது: 1900ஆம் ஆண்டில் நின்று பார், அப்பொழுது நாம் இருவரும் கரியமில வாயுவாகவும் நீராகவும் அம்மோனியாவாகவும் பிரிந்து போயிருப்போம், நம் எலும்பின் சுண்ணாம்பு ஒரு நாயின் உடலில் சேர்ந்திருக்கலாம், நீ அமைதியாக வாழ்ந்தாயா சினத்தோடு வாழ்ந்தாயா என்று அப்போது யார் கேட்கப்போகிறார்கள்? லீபிக்கின் கொள்கையையே எடுத்து லீபிக்குக்கு மருந்தாக்கிய இம்மடலைவிட நயமான அறிவுரையை நான் படித்ததில்லை. மருந்து முழுப்பயன் தரவில்லை என்பது வேறு.

தழைச்சத்தில்தான் அவர் கால் இடறிற்று. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் கோதுமையோ நெல்லோ அதனைத் தொட முடியாது. மழையோடு இறங்கும் அம்மோனியாவே பயிருக்குப் போதும், உழவன் சாம்பல் சத்துகளை மட்டும் ஈடு செய்தால் சரி என்று லீபிக் வற்புறுத்தினார். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் பண்ணையின் உரிமையாளர் ஜான் லாஸும், கீஸெனில் லீபிக்கிடமே பட்டம் பெற்ற ஹென்றி கில்பர்ட்டும் 1843 முதல் வயலைக் கூறிட்டு விதைத்து அறுத்து நிறுத்துப் பார்த்தனர். சாம்பல் உப்புகள் மட்டும் பெற்ற கூற்றில் கோதுமை வாடி நின்றது. அம்மோனிய உப்பும் சேர்ந்த கூற்றில் ஓங்கி நின்றது. மழை தரும் நைட்ரஜன் பயிரின் தேவையில் சிறுபகுதியே. மாணவர் சொன்னதை ஆசிரியர் ஏற்கவில்லை. இருதரப்பும் பல்லாண்டு எழுதிய மறுப்புகளைப் படிப்பவர்க்கு வயலின் மணம் குறைந்து நீதிமன்றத்தின் மணமே மிகும்.

இதற்கிடையே 1845இல் லீபிக் காப்புரிமை பெற்ற உரம் ஒன்றை லிவர்பூலின் மஸ்பிராட் தொழிலகம் செய்து விற்றது. அதன் கதை இரங்கத்தக்கது. பொட்டாஷ் முதலிய உப்புகள் நீரில் எளிதில் கரைபவை. மழை அவற்றை அடித்துச் சென்றுவிடும் என்று லீபிக் அஞ்சினார். ஆகவே அவற்றைச் சுண்ணாம்போடு உருக்கிக் கரையாத கட்டியாக்கினார். உழவர்கள் பணம் கொடுத்து வாங்கி வயலில் இட்டனர். கட்டி கரையவில்லை, கரையாததை வேர் உறிஞ்சவும் இல்லை. தழைச்சத்தும் அதில் இல்லை. அவருடைய சொல்லை நம்பிய உழவன் அறுவடையில் எதையும் காணவில்லை. வேளாண்மைக்கு வேதியியல் உதவாது என்ற ஏளனம் எழுந்தது. எலும்பைக் கந்தக அமிலத்தில் நனைத்தால் அதன் கால்சியத்தில் ஒரு பகுதி பிரிந்து ஜிப்சமாகி, எஞ்சிய பாஸ்பேட் நீரில் கரையும் என்பதை 1840இல் எழுதியவரும் லீபிக்கே. அதனை உரமாக்கி 1842இல் காப்புரிமை பெற்றுச் செல்வம் ஈட்டியவர் லாஸ். கரையவேண்டும் என்று தாமே எழுதியவர் கரையாததைச் செய்து விற்றார்!

விடை மண்ணிலேயே இருந்தது. 1850இல் தாமஸ் வே என்னும் ஆங்கில வேதியியலார், மண் நிரப்பிய குழாயில் அம்மோனியக் கரைசலை ஊற்றி வடிந்ததைச் சோதித்தார். அம்மோனியா மண்ணிலேயே தங்கிவிட்டது. அதற்கு ஈடாகக் கால்சியம் வெளிவந்தது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் பொட்டாசியம், அம்மோனியம், கால்சியம் போன்றவற்றை மண் பற்றி வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கிறது என்று இன்று விளக்குகிறோம். லீபிக் அஞ்சிய மழை அவ்வளவு எளிதில் அவற்றைக் கொண்டுபோவதில்லை. நைட்ரேட்டை மட்டும் மண் அவ்வாறு பிடித்து வைப்பதில்லை.

லீபிக் இதனை உடனே ஏற்றுவிடவில்லை. 1862இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பில்தான் தம் பிழையை வெளிப்படையாக எழுதினார். படைத்தவனின் ஞானத்துக்கு எதிராகத் தாம் பாவம் செய்ததாகவும், மண்ணின் அமைப்பில் ஏற்கெனவே இருந்த ஏற்பாட்டை அறியாமல் அதனைத் திருத்த முனைந்ததாகவும், அதற்குரிய தண்டனையைப் பெற்றதாகவும் கூறினார். அறுபதை நெருங்கிய, பிரபு பட்டம் பெற்ற, ஐரோப்பாவே போற்றிய ஒருவர் இப்படி எழுதினார் என்பதற்காகவே அவருடைய பழைய பூசல்களில் பாதியை மன்னித்துவிடலாம். லாஸிடமும் ஸ்ப்ரெங்கலிடமும் இதே பணிவைக் காட்டவில்லை என்பதால் மறுபாதியை மன்னிக்கத் தோன்றவில்லை.

அவருடைய எழுத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்து நாளிதழில் அவர் எழுதிவந்த ‘வேதியியல் மடல்கள்’ 1844இல் நூலாகிப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. சோப்பு, கந்தக அமிலம், ரொட்டி, எலும்பு ஆகியவற்றைப் பற்றிக் கற்றவரும் கல்லாதவரும் ஆவலோடு படிக்கும்படி எழுதினார். ஜெர்மன் பேரகராதியின் முதல் தொகுதிக்கு 1854இல் முன்னுரை வரைந்த யாக்கோப் கிரிம், பல மொழிச் சொற்கள் மயங்கிக் கிடக்கும் வேதியியலும் லீபிக்கின் வாயில் சொல்லாற்றல் பெறுவதை எடுத்துக்காட்டினார். மொழிநூல் மேதை ஒருவரிடமிருந்து வேதியியலார் பெற்ற பாராட்டு அது. கலைச்சொல்லாக்கத்தில் உழைப்போர் அம்முன்னுரையை நினைவிற் கொள்ளலாம்.

1852இல் மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியனின் அழைப்பை ஏற்று மூனிக் சென்றார். மாணவர்க்கு ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து விலக்கு வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இறைச்சிச் சாறு பற்றிய முயற்சி இக்காலத்தில் வணிகமாயிற்று. தோலுக்காகவே மாடுகளைக் கொன்றுவந்த உருகுவேயின் ஃபிரே பெண்டோஸில் ஆலை எழுந்து, சாறு லீபிக்கின் பெயரோடு உலகெங்கும் சென்றது. சுவை இருந்த அளவுக்கு அதில் சத்து இல்லை.

முதுமையில் அவர் உள்ளத்தை அரித்தது வேறொன்று. இங்கிலாந்து எலும்புக்காக அயல் நாடுகளைச் சுரண்டுகிறது, லைப்சிக், வாட்டர்லூ, கிரிமியா போர்க்களங்களையும் சிசிலியின் நிலவறைக் கல்லறைகளையும் கூட விட்டுவைக்கவில்லை என்று குற்றம் சாட்டினார். பெரு நாட்டின் கடற்பறவை எச்சமாகிய குவானோவைக் கப்பல் கப்பலாக இறக்கும் அதே நாடு, லண்டன் மக்களின் கழிவைத் தேம்ஸில் விட்டுக் கடலில் சேர்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு திருப்பித் தராத வேளாண்மைக்குக் கொள்ளை என்றே பெயரிட்டார். கழிவையும் வீணாக்காமல் வயலுக்குத் திருப்பிய சீன, ஜப்பானிய உழவர்களை ஐரோப்பாவுக்கு ஆசிரியர்களாகக் காட்டினார். இதனை ஆழ்ந்து படித்த கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் லீபிக்கை நன்றியோடு சுட்டினார். செயற்கை உரத்தின் தந்தை என்று லீபிக்கைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இப்பக்கங்களைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

1873ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மூனிக்கில் காலமானார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், ஹெர்மான் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அவரை இடறவைத்த புதிரின் ஒரு முனையை அவிழ்த்தனர். அவரை, பட்டாணி போன்ற பயறினச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களே காற்றின் நைட்ரஜனைப் பிணைப்பவை. உயிருக்கு மண்ணில் இடமில்லை என்பதுபோல் லீபிக் வகுத்த கணக்கில் உயிர் மீண்டும் வந்து அமர்ந்தது.

அவருடைய நூலின் வழித்தோன்றல்கள் நம் பக்கமும் வந்தன. கீஸெனில் பட்டம் பெற்ற ஜே. ஏ. வோல்கர், இந்திய வேளாண்மை பற்றி 1893இல் வெளிவந்த அறிக்கையில், நம் உழவரின் திறத்தைப் பாராட்டியதோடு, சாணத்தை எரிபொருளாக்குவதால் மண் இழப்பதையும் எடுத்துக் கூறினார். எலும்புக்கு அமிலமிடும் யோசனையில் தொடங்கிய சூப்பர் பாஸ்பேட் 1906இல் இராணிப்பேட்டையில் உற்பத்தியாயிற்று. ரோத்தம்ஸ்டெட்டைப் பின்பற்றிய நிலையான உரச் சோதனை 1909இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. லீபிக்கோடு வழக்காடிய வயலின் பேரன் என்று அதனைச் சொல்லலாம். ஜெர்மனியின் வேளாண் ஆய்வு நிலையங்களின் சங்கம் சிறந்த பணிக்கு வழங்கும் பதக்கம் ஒன்று உண்டு. அதில் இரண்டு பெயர்கள் இணைந்திருக்கின்றன: ஸ்ப்ரெங்கல், லீபிக். ஸ்ப்ரெங்கலின் பெயரே முன்னால் நிற்கிறது.